இஞ்சினை மாற்றுவதா, வண்டியையே மாற்றுவதா?

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் அந்த வண்டிகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. முட்டைக்கோஸ் கூடைகளை மலைபோல் அடுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தபடி, கறுப்புப் புகை கக்கி மேடேறும் பழைய லேண்ட் ரோவர்கள். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என எங்கே திரும்பினாலும் ஒன்று நிற்கும். பெயின்ட் மங்கியிருக்கும், கதவு ஒழுங்காகச் சாத்தாது, ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் வேலைக்குக் கிளம்பிவிடும்.

கிளம்பாத நாள் ஒன்று வரத்தான் செய்யும். சில மாதங்களாகவே வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். எண்ணெய் குறைவது, குளிர் காலையில் வெள்ளைப் புகை, பாரத்தோடு ஏறும்போது சூடு ஏறுவது, எண்ணெய் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடிப்பது. போர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே, "இஞ்சின் போச்சுண்ணே" என்பார். வீட்டில் அன்றிரவே விவாதம் தொடங்கிவிடும். பழைய இஞ்சினையே பிரித்துச் செய்வதா, அதே வகை இஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடிப்பதா, ஜப்பான் டீசல் இஞ்சின் ஒன்றை உள்ளே இறக்குவதா, இல்லை வண்டியையே கழித்துக் கட்டிவிட்டு வங்கிக் கடனில் புதிய ஹைலக்ஸ் எடுப்பதா?

லேண்ட் ரோவர் மட்டுமல்ல, பழைய லேண்ட் குரூஸர், பஜேரோ, ஹைலக்ஸ், வாரக் கடைசியில் காட்டுக்குள் ஓட்டும் சுசுகி ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான். பதில் வண்டிக்கு வண்டி மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை.

முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள்

இஞ்சினைப் பற்றி யோசிக்கும் முன் சேஸியைப் பார்க்க வேண்டும். லேண்ட் ரோவரின் உடல் தகடுகள் அலுமினியம் என்பதால் அவை துருப்பிடித்து ஓட்டையாவதில்லை. அதைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். அடியில் இருக்கும் சேஸி இரும்பு. சேறும் ஈரமும் உள்ளே தங்கி, வெளியே நன்றாகத் தெரியும் குழாய்ச் சட்டம் உள்ளிருந்து அரித்துப் போயிருக்கும். சிறு சுத்தியலால் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும், ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடங்களையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. தொம்மென்று ஒலித்தால், அல்லது சுத்தியல் உள்ளே போனால், புதிய இஞ்சினுக்கு ஒதுக்கிய பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

அடுத்து கியர்பாக்ஸ், முன் பின் டிஃப்ரன்ஷியல், பிரேக். இவை மூன்றும் பழைய இஞ்சினின் சக்திக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. சீரிஸ் 3 லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் டீசல் இஞ்சின் கொடுத்தது ஏறத்தாழ 60 குதிரைத்திறன். அதற்குப் பதில் அதன் இரு மடங்கு சக்தியுள்ள ஒன்றை வைத்தால், முதலில் உடைவது பின் அச்சுக்குள் இருக்கும் ஹாஃப் ஷாஃப்ட், அல்லது கியர்பாக்ஸின் பல். பிரேக்கோ நான்கு சக்கரத்திலும் டிரம். வேகமாகப் போக வைத்துவிட்டு நிறுத்த வழி செய்யாமல் விடுவது மலைச் சாலையில் விளையாட்டல்ல.

பழையதைச் செய்வது கௌரவக் குறைச்சலா?

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. 'ஓவர்ஹால்' என்றாலே செலவு, தலைவலி என்று முகத்தைச் சுளிப்பார்கள். 'ஜப்பான் இஞ்சின்' என்றால் கண் விரியும். என் கருத்து வேறு. சீரிஸ் 3-இன் பழைய இஞ்சின் எளிமையானது. மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சிலிண்டரைக் கடைந்து, பெரிய அளவு பிஸ்டன் போட்டு, கிராங்கைத் தேய்த்து, ஹெட்டைச் சமன்படுத்தினால் இன்னும் பல ஆண்டு ஓடும். உதிரிப் பாகங்கள் இன்னமும் கிடைக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியம், மவுண்டிங், கியர்பாக்ஸ், வயரிங், கெரானில் உள்ள இஞ்சின் எண் எதையும் தொட வேண்டியதில்லை.

ஓவர்ஹால் தோற்றுப் போவது பெரும்பாலும் அவசரத்தால்தான். சிலிண்டர் கடைவதற்கு நல்ல கடைசல் பட்டறை வேண்டும். பிளாக்கிலோ ஹெட்டிலோ வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்காமல், வெறும் ரிங்கை மட்டும் மாற்றி மூடினால் ஆறு மாதத்தில் மறுபடியும் அதே புகை. கிராங்க் ஏற்கெனவே கடைசி அளவுவரை தேய்க்கப்பட்டிருந்தால், அல்லது பிளாக்கே வெடித்திருந்தால், அப்போதுதான் மாற்று இஞ்சின் பேச்சுக்கு அர்த்தம் வரும்.

என்ன வேலைக்கு இந்த வண்டி?

ரிங்லெட் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் இந்த விவாதம் நடந்ததைக் கேட்டிருக்கிறேன். தாத்தா காலத்து வண்டி, சீரிஸ் 3. மகன் கோலாலம்பூரில் கணினித் துறையில் வேலை செய்கிறார். அவர் ஆசைப்பட்டது டொயோட்டாவின் 1கேஇசட்-டிஇ, 3 லிட்டர் டர்போ டீசல். பலமான இஞ்சின்தான், ஆனால் எரிபொருள் பம்ப்பை ஒரு சிறு கணினிப் பெட்டி கட்டுப்படுத்துகிறது. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, மழையில மேட்டு மேல நின்னுபோச்சுன்னா, கம்ப்யூட்டர் கொண்டாந்து செருகிப் பாக்க நீ கோலாலம்பூர்ல இருந்து வருவியா?"

மகனுக்குப் பதில் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மலையில் காற்று மெல்லியது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும், டர்போ இல்லாத இஞ்சின் சுமார் 3 விழுக்காடு சக்தியை இழக்கும். தானா ராத்தா உயரத்தில், அதாவது 1,400 மீட்டருக்கு மேல், அந்த இழப்பு 14 விழுக்காட்டை நெருங்கும். 60 குதிரையில் எட்டுக் குதிரை காணாமல் போகிறது. டர்போ உள்ள இஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும்.

மேடேறிப் பாரம் இழுக்கும் வண்டிக்குக் குதிரைத்திறனைவிட, குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசைதான் உதவும். டீசல் இஞ்சின்கள் மலையில் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். ஜிம்னியில் காட்டுப் பாதை ஓட்டும் இளைஞருக்குக் கணக்கு வேறு. வண்டி இலேசாக இருக்க வேண்டும், நெடுஞ்சாலையில் தாண்டிப் போக வேண்டும், சேற்றில் மூக்கு புதையக் கூடாது. கனமான டீசலை அந்தச் சின்ன மூக்கில் வைத்தால் முன் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும்.

பட்டறையில் அடிபடும் பெயர்கள்

லேண்ட் ரோவருக்கு லேண்ட் ரோவர் இஞ்சினே வேண்டும் என்பவர்களுக்கு 200 டிடிஐ நல்ல தேர்வு. 2.5 லிட்டர், நேரடி எரிபொருள் பாய்ச்சல், டர்போ, சுமார் 110 குதிரைத்திறன், எல்லாமே இயந்திர முறையில் இயங்குபவை. சீரிஸ் கியர்பாக்ஸோடு சிறு மாற்றங்களில் பொருந்திவிடும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் 200 டிடிஐ என்று கேட்டால் மட்டும் போதாது. டிஃபெண்டரிலிருந்து வந்ததா, டிஸ்கவரியிலிருந்து வந்ததா என்று கேட்க வேண்டும். டிஃபெண்டர் வகையில் டர்போ மேலே உயரத்தில் இருக்கும். டிஸ்கவரி வகையில் கீழே பக்கவாட்டில் இருப்பதால் சீரிஸ் வண்டியின் சேஸியில் இடிக்கும். அதற்காகச் சிலர் டர்போவையே கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். மலையில் அது பாதி நன்மையைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

இதற்கு அடுத்து வந்த 300 டிடிஐ-யும் நல்ல இஞ்சின், 1994 முதல் 1998 வரை டிஃபெண்டரில் வந்தது. டிஃபெண்டர் வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். சீரிஸ் வண்டியில் பொருத்த வேலை கூடுதல். அதற்குப் பின் வந்த ஐந்து சிலிண்டர் டிடி5 மின்னணு முறையில் இயங்குவது. வயரிங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து வராவிட்டால் அது வெறும் இரும்புக் குண்டு. வி8 பெட்ரோல் மீது ஆசைப்படுபவர்களும் உண்டு. சத்தம் இனிமை. பெட்ரோல் நிலையத்தில் நிற்கும்போது மட்டும் கசக்கும்.

ஜப்பான் பக்கம் வந்தால், இசுசுவின் 4ஜேபி1 பேச்சில் அடிக்கடி வரும். 2.8 லிட்டர், நேரடிப் பாய்ச்சல் டீசல். சிறிய லோரிகளிலும் ட்ரூப்பரிலும் வந்ததால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. நிசானின் டிடி27 இன்னொன்று. 2.7 லிட்டர், டைமிங் பெல்ட் கிடையாது, பற்சக்கரத்தில் ஓடும். பெல்ட் அறுந்து வால்வு வளைந்த கதை இதற்கு இல்லை. மிட்சுபிஷியின் 2.5 லிட்டர் 4டி56 பஜேரோவிலும் ஸ்டோர்மிலும் வந்ததால் எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் டைமிங் பெல்ட் ஒன்று, பேலன்ஸ் ஷாஃப்டுக்கு இன்னொரு பெல்ட். வாங்கிய அன்றே இரண்டையும் மாற்றிவிட வேண்டும். சின்ன பெல்ட் அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் இஞ்சினே காலி.

ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். டொயோட்டாவின் 2எல், 3எல், 5எல் மூன்றும் ஒரே குடும்பம். 2.4 லிட்டர் 2எல் போய்விட்டால் 3 லிட்டர் 5எல்-ஐ அதே மவுண்டிங்கில், அதே கியர்பாக்ஸோடு இறக்கிவிடலாம். டர்போ வைத்த 2எல்-டி பக்கம் மட்டும் கவனமாக இருங்கள். சூடேறினால் ஹெட் வெடிப்பதில் பெயர் வாங்கியது அது.

ஜிம்னி ரசிகர்களுக்கும் குடும்ப வழி உண்டு. எஸ்ஜே410-இன் 1 லிட்டர் இஞ்சின் நெடுஞ்சாலையில் திணறும். எஸ்ஜே413-இன் 1.3 லிட்டர் இஞ்சினும் விட்டாராவின் 8 வால்வு 1.6 லிட்டர் ஜி16 இஞ்சினும் நெருங்கிய உறவுகள். எஸ்ஜே413-இன் ஐந்து வேக கியர்பாக்ஸோடு ஜி16 நேராகப் பொருந்தும். சுசுகிக்குள்ளேயே தீர்வு இருக்கும்போது வேறு கம்பெனி இஞ்சினைத் தேடி அலைவது வீண்.

கணக்கில் வராத செலவுகள்

ரிங்லெட் குடும்பம் கடைசியில் 4ஜேபி1-ஐத் தேர்ந்தெடுத்தது, டர்போ இல்லாதது. இஞ்சின் நல்ல நிலையில்தான் வந்தது. இறக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது லோரியிலிருந்து எடுத்தது. எண்ணெய் தேங்கும் சம்ப் முன்பக்கம் தொங்கியது. நான்கு சக்கர இயக்க வண்டியில் அந்த இடத்தில்தான் முன் அச்சு மேலும் கீழும் ஆடும். பள்ளத்தில் விழுந்தால் சம்ப்பும் டிஃப்ரன்ஷியலும் மோதிக்கொள்ளும். சரியான சம்ப்பும், அதற்கேற்ற எண்ணெய் உறிஞ்சும் குழாயும் தேடிப் பிடிக்க இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் காய்கறியை இறக்க வாடகை வண்டி. அறுவடை யாருக்காகவும் காத்திருக்காது. வாடகைக்குப் போன தொகையைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் தழுதழுத்தது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

விற்றவர் பொய் சொல்லவில்லை. வாங்கியவர்தான், 'எந்த வண்டியிலிருந்து எடுத்தது?' என்று கேட்கவில்லை. அதே இஞ்சின் லோரிக்கு ஒரு சம்ப்போடும், வேனுக்கு ஒன்றோடும், நான்கு சக்கர இயக்க வண்டிக்கு இன்னொன்றோடும் வரும். வாங்கும் முன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போங்கள்.

பெட்ரோல் வண்டியை டீசலுக்கு மாற்றுபவர்களுக்குப் பட்டியல் இன்னும் நீளும். பெட்ரோல் இஞ்சின் உறிஞ்சும் காற்றிலிருந்தே பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடையாது, தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். 4ஜேபி1 போன்ற பல இஞ்சின்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே ஒட்டியிருக்கும். ஆல்டர்னேட்டரை மாற்றி விற்றிருந்தால் பம்ப்பும் போயிருக்கும். பிறகு எரிபொருள் டேங்குக்குத் திரும்பும் குழாய், குளோ பிளக் ரிலே, பெரிய பேட்டரி, பெரிய ரேடியேட்டர். ஜப்பானிலிருந்து வரும் சில பழைய லேண்ட் குரூஸர் டீசல்கள் 24 வோல்ட். 12 வோல்ட் வண்டியில் அந்த ஸ்டார்ட்டரை மாட்டினால் முனகும், சுற்றாது.

கியர் விகிதமும் பார்க்க வேண்டும். சீரிஸ் லேண்ட் ரோவரின் டிஃப்ரன்ஷியல் 4.7-க்கு 1. டிஃபெண்டருக்கு 3.54-க்கு 1. டிடிஐ இஞ்சினைச் சீரிஸ் அச்சோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் 80 கிலோமீட்டரிலேயே கத்தத் தொடங்கும். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்வர நினைப்பவர்கள் டிஃப்ரன்ஷியலை மாற்ற வேண்டும். மலையை விட்டு இறங்காத தோட்டத்து வண்டிக்கு 4.7 வரப்பிரசாதம், தொடவே வேண்டாம்.

ஹாஃப்கட் கடையில்

கிள்ளான் பக்கத்து ஹாஃப்கட் கடைகளுக்குள் நுழைந்தால், முன்பாதி மட்டும் உள்ள ஜப்பான் வண்டிகள் வரிசையாக நிற்கும். தனி இஞ்சின் வாங்குவதைவிட இப்படி முன்பாதியாக வாங்குவது பல நேரங்களில் புத்திசாலித்தனம். வயரிங், ரேடியேட்டர், கணினிப் பெட்டி, மவுண்டிங் எல்லாம் உடன் வரும். அங்கேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லவும் முடியும்.

ஸ்டார்ட் செய்யும் முன் கையை இஞ்சின் மீது வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இஞ்சின்தான் உண்மை பேசும். எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் படிந்திருந்தால் தண்ணீர் எண்ணெயோடு கலக்கிறது. ஓடும்போது ரேடியேட்டரில் குமிழ் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட். நீலப் புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும். டர்போ இருந்தால் அதன் ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், நன்றாக ஆடினால் விட்டுவிடுங்கள். கம்ப்ரெஷன் சோதனை கட்டாயம் கேளுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே எண் காட்டுகிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

உத்தரவாதத்தை வாய்வார்த்தையில் ஏற்காதீர்கள். எத்தனை நாள், பணம் திரும்புமா, வேறு இஞ்சின் தருவார்களா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கெரானில் உள்ள எண்

இந்தப் பகுதியைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கெரானில் இஞ்சின் எண்ணும் அதன் சிசி-யும் பதிவாகியிருக்கின்றன. இஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யின் அனுமதி வேண்டும், வாகனப் பரிசோதனையும் உண்டு. இஞ்சின் வாங்கிய ரசீதையும், அது இறக்குமதியானதற்கான கே1 சுங்கப் பாரத்தின் நகலையும் கடைக்காரரிடம் அன்றே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. வண்டி இன்னும் கடனில் இருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். இஞ்சினுக்குப் பணம் கட்டும் முன்பே ஜேபிஜே முகப்புக்குப் போய், உங்கள் வண்டிக்கு இன்ன இஞ்சின் போடப் போவதாகச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

எண் தேய்ந்திருந்தாலோ, மறுபடி அடித்ததுபோல் கோணலாக இருந்தாலோ அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். திருட்டு வண்டியின் இஞ்சினாக இருந்தால் வண்டியையே இழக்க நேரிடும். பதியாமல் ஓட்டினால் விபத்து நடக்கும் நாளில் காப்புறுதி நிறுவனம் கேள்வி எழுப்பும். சிசி கூடினால் சாலை வரியும் மாறும்.

டீசலா, பெட்ரோலா?

இந்தக் கேள்விக்குப் பழைய பதில் இப்போது செல்லாது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. அன்று ரோன்95 பெட்ரோல் 2.05 ரிங்கிட். வாரம் 40 லிட்டர் டீசல் போடும் வண்டிக்கு அந்த ஓர் உயர்வால் மட்டும் வாரம் 48 ரிங்கிட் கூடுதல் செலவு. ஆண்டுக்குச் சுமார் 2,500 ரிங்கிட். டீசல் விலை அதற்குப் பின் மாறி மாறி வந்தாலும், 'டீசல்தான் மலிவு' என்ற ஒரே காரணத்துக்காகப் பெட்ரோல் வண்டியை மாற்றுபவர்கள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். பாரம் இழுப்பதற்காக மாற்றுகிறீர்கள் என்றால் சரி. எப்போதாவது காட்டுக்குப் போகும் வண்டிக்குப் பெட்ரோலே போதும்.

இன்னொரு சிறு விஷயம். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. 2019 முதல் போக்குவரத்துத் துறைக்கு 10 விழுக்காடு கலப்பு. பழைய இஞ்சினின் ரப்பர்க் குழாய்கள் இதில் மெல்ல இளகிக் கசியத் தொடங்கலாம். இஞ்சின் வெளியே இருக்கும்போதே புதிய குழாய்களாக மாற்றிவிட்டால் செலவு சொற்பம். உள்ளே வைத்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் கை நுழையாது.

பொருத்தி முடித்ததும் உடனே பாரம் ஏற்றாதீர்கள். முதல் நாள் வெறும் வண்டியாக ஓட்டி, நின்று, அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள். மவுண்டிங் போல்ட்டுகளை முதல் வாரத்துக்குப் பின் மறுபடி முறுக்க வேண்டும், அதிர்வில் அவை தளரும். எண்ணெயையும் வடிகட்டியையும் 1,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். பழைய எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். இரும்புத் துகள் மினுங்கினால் போர்மேனைக் கூப்பிடுங்கள். வெறும் கறுப்பாக இருந்தால் கூடைகளை ஏற்றலாம்.